பின் பொருந்துகிறது, எழுத்து வரவில்லையே!

கேள்வி: சிவகாசியில் அப்பா நடத்திவந்த டி.டி.பி. சென்டரை அண்மையில் காலி செய்தோம். பரணிலிருந்து மூன்று பழைய கீபோர்டுகள் இறங்கின. ஒன்று, சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஐ.பி.எம். அடிப்பக்க லேபிளில் 1391401 என்று இருக்கிறது. இரும்பு வைத்ததுபோல் கனம். இரண்டாவதில் கம்பெனி பெயரே இல்லை. சுருள் வயர், நுனியில் ஐந்து தடித்த பின், கவிழ்த்துப் பார்த்தால் 'எக்ஸ்', 'ஏ' என்று போட்ட ஒரு குட்டி சுவிட்ச். மூன்றாவது ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டு 2. அதன் வயர் எங்கே போனதென்று தெரியவில்லை.

இவற்றை என் விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டிப் பயன்படுத்த ஆசை. ஐ.பி.எம்.முக்காக ஊதா நிற யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று வாங்கினேன். பின் கச்சிதமாகப் பொருந்தியது. மாட்டியதும் மேலே இருக்கும் மூன்று விளக்கும் ஒருமுறை மின்னி அணைந்தன. அதோடு சரி, ஓர் எழுத்துகூட வரவில்லை. கடைக்காரர் "கீபோர்டு செத்துப்போச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்கிறார். அப்படித்தானா? மற்ற இரண்டுக்கும் என்ன வழி? எனக்கு சால்டரிங் ஓரளவு வரும். இவற்றில் தமிழ்99 அடிக்க முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

(வாசகர், சிவகாசி)

பதில்: முதலில், எதையும் எடைக்குப் போடாதீர்கள். உங்கள் ஐ.பி.எம். நன்றாகவே இருக்கிறது. அந்த மூன்று விளக்கும் மின்னியதே அதற்கு அத்தாட்சி. கரண்ட் கிடைத்ததும் அந்தக் கீபோர்டு தன்னைத்தானே ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளும். அப்போதுதான் விளக்குகள் மின்னும். சோதனை முடிந்ததும் 170 என்ற எண்ணைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். 'நான் தயார்' என்று அதற்குப் பொருள். உங்கள் கீபோர்டு அந்த 170-ஐ அனுப்பித்தான் இருக்கும். வாங்கிக்கொள்ளத்தான் லேப்டாப்பில் ஆள் இல்லை.

கோளாறு அடாப்டரிலும் இல்லை, அதன்மேல் நாம் வைத்த எதிர்பார்ப்பில் இருக்கிறது. அந்த ஊதா அடாப்டரை உடைத்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் மட்டுமே இருக்கும், சிப் எதுவும் இருக்காது. உருண்டை பிளக்கின் நான்கு பின்களை யு.எஸ்.பி.யின் நான்கு பின்களோடு இணைப்பதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு ஏன் அதை விற்கிறார்கள்? 2000-ஐ ஒட்டி வந்த பல கீபோர்டுகளுக்கு யு.எஸ்.பி., பி.எஸ்/2 இரண்டு மொழியும் தெரியும். எந்தத் துளையில் மாட்டப்பட்டிருக்கிறோம் என்று பார்த்து, அதற்கேற்பப் பேசும். அந்த மாதிரிக் கீபோர்டுகளுக்குப் பெட்டியோடு கொடுத்த இணைப்புத்தான் இது. உங்களுடையது ஐ.பி.எம். மாடல் எம். அந்த வகை 1985-இல் வந்தது. யு.எஸ்.பி. பிறந்ததே 1996-இல். இல்லாத மொழியை அது எங்கே கற்றிருக்கும்?

மொழி என்று சும்மா சொல்லவில்லை. 'ஏ' என்ற ஆங்கில எழுத்துள்ள கீயைத் தட்டினால் எந்தக் கீபோர்டும் 'ஏ' என்று சொல்லாது, ஒரு எண்ணைத்தான் அனுப்பும். 1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் கீபோர்டு 30 என்று அனுப்பியது. கீயை விட்டதும் 158, அதாவது 30-உடன் 128-ஐக் கூட்டிய எண். 1984-இல் வந்த ஏ.டி. கம்ப்யூட்டரிலும் பின்னாளைய பி.எஸ்/2-விலும் அதே கீக்கு 28. விட்டால் 240, 28 என்று இரண்டு எண்கள். ஆப்பிளின் பழைய கீபோர்டில் அது 0. யு.எஸ்.பி.யில் 4.

எண்கள் மட்டும் வேறுபட்டிருந்தால் ஓர் அட்டவணையோடு வேலை முடிந்திருக்கும். பேசும் முறையும் வேறு. பி.எஸ்/2 கீபோர்டு யாருக்கும் காத்திருக்காது. கீயைத் தட்டியதும் கிளாக் கம்பியில் தானே தாளம் போட்டு, டேட்டா கம்பியில் 11 பிட்களைத் தள்ளிவிடும். யு.எஸ்.பி.யில் கம்ப்யூட்டர்தான் எஜமான். அது கேட்கும்போது மட்டும் கீபோர்டு பதில் சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து, ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் சொல்ல ஒரு சிப் கட்டாயம் வேண்டும். சிப் உள்ளதைக் கன்வெர்ட்டர் என்றும் வெறும் கம்பியை அடாப்டர் என்றும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

ஐ.பி.எம்.முக்கு வேண்டியது கன்வெர்ட்டர். கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டைவிரல் அளவுக்கு ஒரே துளையோடு இருந்தால் அது பெரும்பாலும் வெறும் அடாப்டர். ஒரு சிறு வயரில் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று இரண்டு துளைகள் தொங்கினால் அதற்குள் சிப் இருக்கிறது. அதிலும் ஒரு பிரச்சினை உண்டு. மாடல் எம் இன்றைய கீபோர்டுகளைவிட அதிகம் கரண்ட் இழுக்கும். மலிவான சில கன்வெர்ட்டர்கள் அதைத் தாங்காமல் எழுத்தை விழுங்கும், அல்லது ஒரே எழுத்தை வரிசையாகக் கொட்டும். லேப்டாப்பின் துளையிலேயே நேரடியாக மாட்டுங்கள், தனிக் கரண்ட் இல்லாத ஹப்பில் மாட்டாதீர்கள். திருப்பிக்கொடுக்க ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குவதும் நல்லது.

இடையில் ஒன்று. உங்களைப்போல் டி.டி.பி. வைத்திருந்தவர்கள் பலரிடம் டி.வி.எஸ். கோல்டு கீபோர்டின் பி.எஸ்/2 மாடல் கிடக்கும். செர்ரியின் நீல சுவிட்ச் போட்டு 'டிக் டிக்' என்று சத்தம் போடுமே, அதேதான். அதற்கும் மேலே சொன்ன கன்வெர்ட்டர் போதும். பின்வரும் சள்ளை எதுவும் வேண்டாம்.

இப்போது பெயரில்லாத ஐந்து பின் கீபோர்டு. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இங்கே கதை தலைகீழ். 1981-இன் முதல் பி.சி.யோடு வந்த, எக்ஸ்.டி. எனப்படும் வகைக்கும் 1984-இன் ஏ.டி. வகைக்கும் பிளக் ஒன்றே, பேச்சு வேறு. எக்ஸ்.டி. முறை ஒருவழிப் பாதை: கீபோர்டு சொல்லும், கம்ப்யூட்டர் கேட்கும். 'நம் லாக் விளக்கைப் போடு' என்று கம்ப்யூட்டர் திருப்பிச் சொல்ல வழி கிடையாது. ஏ.டி. முறையில் இரண்டு பக்கமும் பேசலாம். இரண்டு வகைக் கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் சந்தையில் இருந்த காலத்தில், ஒரே கீபோர்டை இரண்டுக்கும் விற்க வேண்டி வைத்ததுதான் உங்கள் சுவிட்ச். 'எக்ஸ்' என்றால் எக்ஸ்.டி., 'ஏ' என்றால் ஏ.டி.

சுவிட்சை 'ஏ' பக்கம் தள்ளுங்கள். 1987-இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்/2 வரிசைக் கம்ப்யூட்டர்களுக்குச் சிறிய ஆறு பின் பிளக்கைக் கொண்டுவந்தபோது ஏ.டி. மொழியை மாற்றவில்லை, பிளக்கை மட்டும்தான் மாற்றியது. எனவே பெரிய ஐந்து பின்னைச் சிறிய ஆறு பின்னாக்கும், சிப் இல்லாத வெறும் அடாப்டர் இங்கே போதும். அதன் வாலில் ஐ.பி.எம்.முக்கு வாங்கிய கன்வெர்ட்டரை மாட்டினால் லேப்டாப் வரை வந்துவிடும். அங்கே ஏமாற்றிய அதே ஜாதி அடாப்டர் இங்கே முழு வேலையும் செய்கிறது.

அந்தச் சுவிட்ச் பழுதாகி 'எக்ஸ்' பக்கமே நின்றுவிட்டால், அல்லது என்றைக்காவது சுவிட்சே இல்லாத 83 கீ பழங்காலத்துக் கீபோர்டு கைக்கு வந்தால், கடைக் கன்வெர்ட்டர் உதவாது, அதற்கு எக்ஸ்.டி. மொழி தெரியாது. அப்போதுதான் உங்கள் சால்டரிங் இரும்பைச் சூடாக்க வேண்டும். ஏ.டி.மெகா 32யு4 என்ற சிப் உள்ள சிறு போர்டு ஒன்று வாங்குங்கள். ஆர்டுயினோ புரோ மைக்ரோ, டீன்சி 2.0 இரண்டிலும் இருப்பது அந்தச் சிப்தான். தனி உதவி இல்லாமலே யு.எஸ்.பி. கீபோர்டாக நடிக்கத் தெரிந்த சிப் அது. புரோ மைக்ரோவில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு மாடல் உண்டு. கேட்டு 5 வோல்ட்டையே வாங்குங்கள். பழைய கீபோர்டுகள் எல்லாம் 5 வோல்ட்டில் பேசுபவை. ராஸ்பெர்ரி பை பிக்கோ விலை குறைவுதான், ஆனால் அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. நடுவில் லெவல் ஷிஃப்டர் வைக்காமல் அதைக் கட்டினால் பிக்கோ போய்விடும்.

இந்தப் போர்டுகளுக்கான புரோகிராமை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக எழுதி, இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். சோரர்ஸ் கன்வெர்ட்டர் என்பது எக்ஸ்.டி., ஏ.டி., பி.எஸ்/2, ஐ.பி.எம். டெர்மினல் கீபோர்டுகள் ஆகியவற்றைப் புரிந்துகொள்ளும். டி.எம்.கே. என்பது இன்னும் விரிவானது. ஆப்பிள், சன் கீபோர்டுகளும் அதில் அடக்கம். பலர் இன்று பேசும் கியூ.எம்.கே. அதிலிருந்து கிளைத்ததுதான். எந்தப் பின்னில் கிளாக், எந்தப் பின்னில் டேட்டா என்பது புரோகிராமுக்குப் புரோகிராம் மாறும். அதனுடன் வரும் குறிப்பைப் படித்த பிறகே இரும்பை எடுங்கள்.

கட்ட வேண்டியவை நான்கே கம்பிகள்: 5 வோல்ட், கிரவுண்ட், கிளாக், டேட்டா. எளிதுதான், ஆனால் பல கீபோர்டுகள் இந்த இடத்தில்தான் உயிரை விடுகின்றன. ஐந்து பின்னும் ஓர் அரைவட்டமாக நிற்கும். எண்கள் வரிசையாக 1, 2, 3 என்று போகாது. ஒரு ஓரத்திலிருந்து 1, 4, 2, 5, 3 என்று போகும். நடுவில் உள்ள 2 டேட்டா, 1 கிளாக், 4 கிரவுண்ட், 5-இல் 5 வோல்ட். 3-ஐ விட்டுவிடலாம். இதில் ஆபத்து என்னவென்றால், படத்தில் காட்டியிருப்பது துளையா பிளக்கா என்று பார்க்காமல் எண்ணினால் இடம் வலமாகிவிடும். அப்போது 2 நடுவிலேயே இருக்கும், ஆனால் 4-உம் 5-உம் இடம் மாறிவிடும். அதாவது, கிரவுண்டில் 5 வோல்ட், 5 வோல்ட்டில் கிரவுண்ட். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பை ஒரு நொடியில் சுட்டுப்பொசுக்க இது போதும்.

ஆகவே படத்தையும் நம்பாதீர்கள், வயரின் நிறத்தையும் நம்பாதீர்கள்; அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய நிறத்தைப் போட்டது. கீபோர்டின் அடி மூடியைக் கழற்றுங்கள். உள்ளே 40 கால்கள் உள்ள பெரிய சிப் ஒன்று இருந்தால் அதன் மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் இன்டெல் 8048 அல்லது 8049 குடும்பமாக இருக்கும். அதில் 20-ஆவது கால் கிரவுண்ட், 40-ஆவது கால் 5 வோல்ட். மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனையை 20-ஆவது காலில் வையுங்கள். மறு முனையால் பிளக்கின் பின்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எது கத்துகிறதோ அதுதான் கிரவுண்ட். 40-ஆவது காலுக்கும் அப்படியே. இந்த இரண்டும் உறுதியானால் மீதி இரண்டையும் மாற்றிக் கட்டினாலும் கீபோர்டு வேலை செய்யாதே தவிர, கெட்டுப்போகாது. கிளாக், டேட்டா இரண்டு கம்பிகளிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு ஆளுக்கொரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள். சிப்புக்குள்ளேயே ரெசிஸ்டர் உண்டுதான். வயர் நீளமானால் அது போதாது.

ஒரு வேண்டுகோள்: பழைய பிளக்கை வெட்டிவிட்டு வயரை நேரே போர்டில் சால்டர் செய்யாதீர்கள். ஐந்து பின் துளை ஒன்றை வாங்கிப் போர்டின் பக்கம் வையுங்கள். பிளக் முழுசாக இருந்தால்தான் நாளைக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தாலும் அதில் மாட்ட முடியும். வெட்டிய கீபோர்டுக்குச் சந்தையில் விலையும் இறங்கிவிடும்.

ஆப்பிளுக்கு வருவோம். எக்ஸ்டெண்டட் கீபோர்டு 2 வந்தது 1990-இல். அது பேசுவது ஆப்பிள் டெஸ்க்டாப் பஸ், சுருக்கமாக ஏ.டி.பி. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்தது. 1986-இல் ஆப்பிள் 2 ஜி.எஸ். கம்ப்யூட்டரோடு அறிமுகமாகி, 1998-இல் ஐமேக் யு.எஸ்.பி.க்கு மாறியபோது ஒதுக்கப்பட்டது. இதில் தனியாகக் கிளாக் கம்பி கிடையாது. ஒரே டேட்டா கம்பியில் ஒவ்வொரு பிட்டுக்கும் 100 மைக்ரோ செகண்டு. அதில் கம்பி கீழே இருக்கும் நேரம் 35 என்றால் 1, 65 என்றால் 0. பி.எஸ்/2 மாதிரி தானாகப் பேசாமல், யு.எஸ்.பி. மாதிரி கேட்டால் மட்டும் பதில் சொல்லும். அந்தக் காலத்துக்கு மிக நாகரிகமான ஏற்பாடு இது.

தொலைந்த வயரைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய டி.வி., வி.சி.டி. பிளேயர்களுக்கு வந்த எஸ்-வீடியோ வயரின் நான்கு பின் பிளக்கும் இதுவும் ஒரே அச்சு. ஆனால் வாங்கியதும் மாட்டிவிடாதீர்கள். எஸ்-வீடியோவில் 1, 2 இரண்டுமே கிரவுண்ட் என்பதால் சில வயர்களில் அவற்றை உள்ளேயே ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். ஏ.டி.பி.யில் 1 டேட்டா, 2 பவர் கீயின் கம்பி. இரண்டும் சேர்ந்தால் உருப்படாது. மல்டிமீட்டரால் பார்த்து, நான்கு கம்பியும் தனித்தனியே ஓடும் வயராகத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கென்று கிரிஃபின் கம்பெனி ஐமேட் என்ற கன்வெர்ட்டரை விற்றது. இப்போது தயாரிப்பில் இல்லை, பழையது கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் மேலே சொன்ன அதே 32யு4 போர்டு, அதே டி.எம்.கே. டேட்டாவுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். கட்டி முடித்து முதன்முதலாகத் தட்டும்போது சில விசித்திரங்கள் தெரியும். கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அது உள்ளேயே தங்கிவிடும், மறுபடி அழுத்தினால்தான் மேலே வரும். அது பழுது இல்லை, அப்படித்தான் செய்தார்கள். இடது ஷிஃப்ட், வலது ஷிஃப்ட் இரண்டும் தொடக்கத்தில் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். பிரித்து அனுப்பு என்று கன்வெர்ட்டர் கட்டளை கொடுத்தால்தான் பிரித்துக் காட்டும். ஆப்ஷன், கமாண்ட் கீகள் விண்டோஸில் ஆல்ட், விண்டோஸ் கீகளாக வரும்போது பழக்கத்துக்கு மாறாக இடம் மாறி இருக்கும். கன்வெர்ட்டரின் புரோகிராமிலேயே அதை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. யு.எஸ்.பி. போல் ஓடும்போதே பிடுங்கி மாட்டும் வழக்கம் இந்தப் பழைய துளைகளுக்குக் கிடையாது. கன்வெர்ட்டரின் யு.எஸ்.பி. முனையை முதலில் லேப்டாப்பிலிருந்து எடுங்கள், பிறகு கீபோர்டைக் கழற்றுங்கள் அல்லது மாட்டுங்கள்.

தமிழ்99 பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக அடிக்கலாம். கீபோர்டு அனுப்புவது வெறும் எண்தான் என்று சொன்னேன் அல்லவா, அந்த எண்ணை எழுத்தாக்குவது விண்டோஸின் வேலை. ஆங்கில 'ஏ' இருக்கும் கீக்குக் கன்வெர்ட்டர் 4 என்று சொல்லும். தமிழ்99 போட்டிருந்தால் விண்டோஸ் அதை 'அ' ஆக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவான அந்த அமைப்பு, 2019-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து கூடவே வருகிறது. என்.எச்.எம். ரைட்டர் வைத்திருந்தாலும் இதே கதைதான். வீட்டில் யாராவது டைப்ரைட்டர் முறைக்குப் பழகியவராக இருந்தாலும் அப்படியே.

தடுமாற்றம் வரக்கூடிய ஒரே இடம் மொழி மாற்றுவது. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டிப் பழகியிருப்பீர்கள்; 101 கீ உள்ள உங்கள் மாடல் எம்மில் விண்டோஸ் கீயே கிடையாது. இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்த்துத் தட்டினாலும் பல கம்ப்யூட்டர்களில் மொழி மாறும். அது சரிவராவிட்டால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற இலவசச் செயலியில் கேப்ஸ் லாக்கை விண்டோஸ் கீயாக மாற்றிவிடுங்கள். தமிழ் அடிப்பவருக்குக் கேப்ஸ் லாக் எதற்கு? நீங்களே 32யு4 போர்டில் கன்வெர்ட்டர் செய்திருந்தால் பவர்டாய்ஸும் வேண்டாம், அதை உள்ளேயே எழுதிவிடலாம். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் மாற்றம் கூடவே வரும். ஆண்ட்ராய்டு போனில் ஓ.டி.ஜி. வயர் வழியாக மாட்டினாலும்கூட.

மாடல் எம்மில் வேகமாக அடிக்கும்போது மூன்று கீகளை ஒரே நேரத்தில் அழுத்த நேர்ந்தால் சில சேர்க்கைகளில் மூன்றாவது பதிவாகாது. கன்வெர்ட்டரைக் குறை சொல்லாதீர்கள். கீபோர்டின் உள்ளே ஓடும் மெம்பிரேன் வரிகளின் அமைப்பு அப்படி. டைப்பிங்குக்கு இது பெரும்பாலும் உறைக்காது, கேம் விளையாடும் பிள்ளைகள்தான் முணுமுணுப்பார்கள்.

வேலையை எந்த வரிசையில் தொடங்குவது என்று கேட்டால், முதலில் பி.எஸ்/2 கன்வெர்ட்டரும் ஐந்து பின் அடாப்டரும் வாங்குங்கள். சுவிட்ச் சரியாக இருந்தால் இரும்பைச் சூடாக்காமலே இரண்டு கீபோர்டுகள் ஓடிவிடும். ஆப்பிளுக்கான போர்டை அதன் பிறகு ஆற அமர ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிக்கொள்ளலாம்.